ஈ பிளாக்கின் வருகைப் பதிவு

1 டிசம்பர் 2024, ஞாயிறு

காலையில் பல் தேய்ப்பதற்குள் ராமசுப்பு போன் போட்டுவிட்டான். இந்த வருஷக் கூட்டம் ஜனவரி பதினொன்று, சனிக்கிழமை. பாளையங்கோட்டையில் அவன் மச்சினனுடைய மண்டபம். மதியம் சாப்பாடு, அதன்பின் வருகைப் பதிவு.

எங்கள் கல்லூரி விடுதியில் ஐந்து கட்டடங்கள். கடைசிக் கட்டடம் ஈ பிளாக். இறுதியாண்டில் அதில் இருந்தவர்கள் இருபத்திரண்டு பேர். மற்ற பிளாக்காரர்கள் எங்களை ஈக்கள் என்றுதான் கூப்பிடுவார்கள். மெஸ்ஸில் முதலில் போய் மொய்ப்பது நாங்கள் என்பதால் தப்பு சொல்ல முடியாது. இப்போது பதின்மூன்று ஈக்கள் மிச்சம். ஒன்பது பேர் போய்விட்டார்கள். கடைசியாகப் போனது சிவகுருநாதன், ஆகஸ்டில், மாடிப்படியில் உட்கார்ந்தபடியே.

அந்தக் காலத்தில் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வராந்தாவில் வரிசையாக நிற்போம். வார்டன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மாணவர் பிரதிநிதியான ராமசுப்பு பெயர்களை வாசிப்பான். ஒவ்வொருவராக "யெஸ் சார்" சொல்ல வேண்டும். 1994இல் நாங்கள் முதல்முறை கூடியபோது, வேடிக்கைக்காக அதே பெயர்களை அதே வரிசையில் வாசித்தான். ஞானதிரவியம் என்று வாசித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். திரவியம் கல்லூரியிலேயே இறந்துபோனவன். என் அறைக்காரன். யாரும் எதிர்பார்க்காமல் என் வாய் "யெஸ் சார்" என்றது. சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவனும் சிரிக்கவில்லை. நாலைந்து பேர் அழுதார்கள். அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. இறந்தவன் பெயரை வாசித்தால் அவனோடு அறையில் இருந்தவன் பதில் சொல்ல வேண்டும்.

இப்போது சிக்கல் என்னவென்றால், பதில் சொல்பவர்களும் இறந்துகொண்டிருக்கிறார்கள். யாருக்கு யார் என்று ஒதுக்குவது என் வேலை. மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருஷம், ஒரு லைன் போனால் இன்னொரு லைனிலிருந்து சப்ளை கொடுத்தே பழகியவன். ஒதுக்கிவிட்டேன். திரவியத்துக்கு எப்போதும்போல நான்.

4 டிசம்பர், புதன்

மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. மோட்டாரில் காற்று அடைத்திருக்கிறது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, திட்டி, ஓட வைத்தேன்.

இந்த வருஷம் நினைவு மலர் வேறு போடுகிறார்கள். இறந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு பக்கம். புகைப்படம், ஊர், பிறந்த தேதி, மறைந்த தேதி, கீழே பத்து வரி. எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். எட்டுப் பேருக்கு எழுதி முடித்துவிட்டேன். திரவியம் மட்டும் பாக்கி.

அவனைப் பற்றி எழுத விஷயத்துக்கா பஞ்சம்? முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி, அதன் வழியாக விசில் அடிப்பான். என்னை ஒருநாளும் கோமதிநாயகம் என்று முழுதாகக் கூப்பிட்டதில்லை, "ஏ நாயகம்" என்பான். கணக்கில் புலி. என் செருப்பைத்தான் போட்டுக்கொண்டு போவான். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆறு மணிக்கு எழுந்து, வெள்ளைச் சட்டை போட்டுக் கோயிலுக்குக் கிளம்பிவிடுவான். அவர்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். காய்ச்சலில்கூட ஒரு ஞாயிறு தவறவிட்டதில்லை.

எழுதி முடித்து, மறைந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டு, ராமசுப்புவுக்கு அனுப்பிவைத்தேன்.

8 டிசம்பர், ஞாயிறு

ராமசுப்பு மறுபடியும். குரலில் ஒரே குதூகலம்.

"ஏலே கோமதி, திரவியத்துக்கு ஒரு தங்கச்சி உண்டும்லா, சலோமி. பிடிச்சாச்சு! நாரோயில்ல டீச்சரா இருக்கு. கூட்டத்துக்கு வாரேன்னு சொல்லிட்டுது. செத்தவனுவ வீட்டுலேருந்து வாரது இதுதான் முதத் தடவ."

"சரி," என்றேன்.

"என்னலே சரிங்கே? நம்பர் அனுப்புதேன், பேசு. அப்புறம், தேதி ஏன் விட்டுருக்கே?"

"பார்த்துப் போடணும்."

"இருபதுலே," என்றான். "ஜனவரி இருபது. ஞாயித்துக்கிழமை." சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

9 டிசம்பர், திங்கள்

நடக்கப் போகவில்லை. மழை இல்லை. சும்மாதான் போகவில்லை.

11 டிசம்பர், புதன்

நான் பேசுவதற்குள் அவளே கூப்பிட்டுவிட்டாள்.

"அண்ணாச்சி, நான் சலோமி. திரவியத்தோட தங்கச்சி. நல்லா இருக்கியளா?"

அவன் இறந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. இரட்டைச் சடையோடு சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்றது ஞாபகம் இருக்கிறது. இப்போது ஐம்பத்தாறு. குரல் வகுப்பறையில் பழகிய குரல், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது.

"எங்கப்பா எங்க ஊர்க் கோயில்ல உபதேசியாரா இருந்தாவ, அண்ணாச்சி. ஐயர் வராத ஞாயிறெல்லாம் அப்பாதான் ஆராதனை நடத்துவாவ. அண்ணன் அடக்கத்தன்னைக்கு, ஐயர் கல்லறைத் தோட்டத்துல வச்சு, ஓய்வுநாளும் அதுவுமா கோயிலுக்குப் போவாம ஆத்துக்குப் போன பிள்ளைன்னு பிரசங்கம் பண்ணிட்டாவ. ஊரே நின்னு கேட்டுது. மறுவாரமே அப்பா உபதேசியார் வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாவ. எம்புள்ளையவே நான் கோயிலுக்கு அனுப்பல, ஊரான் பிள்ளைக்கு என்னத்தச் சொல்லுவேன்னு. பத்தொம்பது வருசம் உயிரோட இருந்தாவ. அண்ணன் பேரை வாயால சொல்லல."

அவர்கள் பக்கம் பாதிரியாரைத்தான் ஐயர் என்பார்கள், அவருக்குக் கீழே ஊர்க் கோயிலைப் பார்த்துக்கொள்பவர் உபதேசியார்.

"அம்மா மட்டும் நம்பல. எம்புள்ள ஞாயித்துக்கிழமை ஆத்துக்குப் போவமாட்டான், போவமாட்டான்னு சொல்லிட்டே இருப்பாவ. இந்த மார்ச்லதான் போனாவ. தொண்ணூத்தொண்ணு." நிறுத்திவிட்டு மூச்சு விட்டாள். "கூட இருந்த பையன் ஒருத்தர்தான் அப்பாட்ட சொன்னாராம், ஞாயித்துக்கிழமை காலைல துண்ட எடுத்துட்டுப் போனான்னு. அது யாருன்னு தெரியுமா, அண்ணாச்சி? சண்டைக்கு இல்ல. ஒரு வார்த்தை கேக்கணும், அவ்வளவுதான்."

"விசாரிச்சுச் சொல்லுதேம்மா," என்றேன்.

ரேஷன் கடைக்குப் போனேன். துவரம் பருப்பு வரவில்லை. அரிசி மட்டும் வாங்கி வந்தேன்.

12 டிசம்பர், வியாழன்

சர்க்கரை 212. மனதில் எதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்கிறார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

15 டிசம்பர், ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இதை யார் படிக்கப் போகிறார்கள்.

1980 ஜனவரி 18. வெள்ளிக்கிழமை. பொங்கல் விடுமுறை முடிந்து வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஆற்றில் நல்ல தண்ணீர். ஐந்து மணிக்குத் திரவியம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, என் செருப்பில் காலை நுழைத்தான். "குளிச்சிட்டு வந்துருதேன், ஏ நாயகம். நேரமாச்சுன்னா நீ சொல்லிரு." நான் படித்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை.

சொல்லிரு என்றால் ப்ராக்ஸி. நானும் அவனும் ஒருவருக்கொருவர் எத்தனை தடவை கொடுத்திருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. என் பெயருக்கு என் குரல், அவன் பெயருக்குக் கொஞ்சம் மெலிந்த குரல். வார்டனுக்குக் காது மந்தம். ஏழு மணிக்கு ராமசுப்பு வாசித்தான். சொன்னேன்.

இரவு வரவில்லை. சினிமாவுக்குப் போயிருப்பான் என்று நினைத்தேன். காலையில் படுக்கை மடித்தபடியே இருந்தது. அப்படியே பஸ் ஏறி ஊருக்குப் போயிருப்பான் என்று நினைத்தேன். துண்டோடு எவனாவது ஊருக்குப் போவானா? அவன் சட்டை கொக்கியில் தொங்கியது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும், சனிக்கிழமை ஏழு மணிக்கு மறுபடியும் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்றால், முதல் நாள் சொன்னது வெளியே வந்துவிடும் என்ற பயம். அதற்கு முந்தைய செமஸ்டரில்தான் ப்ராக்ஸி கொடுத்த இரண்டு பேரை ஒரு வருஷம் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். என் அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். நான் அந்த ஒரு வருஷத்துக்குப் பயந்தேன்.

ஞாயிறு சாயங்காலம் எனக்குக் குரல் வரவில்லை. ராமசுப்பு இரண்டு தடவை வாசித்தான். அதன்பிறகுதான் தேட ஆரம்பித்தார்கள். திங்கள் மதியம் தடுப்பணைக்குக் கீழே நாணல் புதரில் கிடைத்தான்.

பதிவேட்டில் வெள்ளிக்கும் சனிக்கும் டிக் இருந்தது. அதனால் அவன் இறந்தது ஞாயிறு என்று ஆகிவிட்டது. கல்லறைக் கல்லிலும் அதைத்தான் வெட்டியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமையே தேடியிருந்தால் பிழைத்திருப்பானா? தெரியாது. நாற்பத்தைந்து வருஷமாகத் தெரியாது.

யார் யார் என்னைக் கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்பதெல்லாம் இப்போது சரியாக ஞாபகமில்லை.

18 டிசம்பர், புதன்

ராமசுப்பு வீட்டுக்குப் போனேன். மருந்து மாத்திரைகளைக் கிழமைவாரியாகப் பிளாஸ்டிக் டப்பாவில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். அந்தக் காலத்திலும் இப்படித்தான், எதிலும் ஒழுங்கு. விஷயத்தைச் சொன்னேன். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"திரவியம் குரல் எனக்குத் தெரியாதாலே? வெள்ளிக்கிழமையே தெரியும். நிமிந்து பாத்தேன். நீ தரையப் பாத்துட்டு நின்னே. சரி, எவன்தான் ப்ராக்ஸி குடுக்கலன்னு டிக் போட்டேன்."

"சனிக்கிழமை?"

"சனிக்கிழமையுந்தான் போட்டேன்." ஒரு மாத்திரை கீழே விழுந்தது. குனிந்து தேடிக்கொண்டே பேசினான். "போலீஸ் கேட்டப்போ, ரெண்டு நாளும் அவனேதான் பதில் சொன்னான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். உனக்கு ஒரு வருசம் போவும்னா எனக்கு மட்டும் போவாதா?"

இத்தனை வருஷம் பழகியும் இதை நாங்கள் பேசியதே இல்லை. சலோமியிடம் சொல்லப் போகிறேன் என்றேன்.

"எதுக்குலே? அப்பாவும் இல்ல, அம்மையும் இல்ல. அந்தப் பிள்ள அதுபாட்டுக்கு நிம்மதியா இருக்கு. அதுக்கு ஒண்ணச் சொல்லி, நம்மளயும் நாறடிச்சு, செத்துப்போன மத்த எட்டுப் பேரையும் கூண்டுல ஏத்தப் போறியா?"

"அவனுவளுக்கு என்ன தெரியும்? நமக்கு ரெண்டு பேருக்குத்தானே தெரியும்," என்றேன்.

ராமசுப்பு என்னைப் பார்த்தான். "காப்பி குடிச்சிட்டுப் போ," என்றான். உள்ளே போய்க் காப்பி போடச் சொல்லிவிட்டு, வெகுநேரம் வெளியே வரவில்லை.

25 டிசம்பர், புதன்

சலோமிக்கு வாழ்த்து அனுப்பினேன். "உங்கள் வீட்டுக்கும் சமாதானம் உண்டாவதாக, அண்ணாச்சி" என்று பதில் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

3 ஜனவரி 2025, வெள்ளி

நாளை மலர் அச்சுக்குப் போகிறது. தேதி போடாமலே கொடுத்துவிட்டேன்.

மனைவி சண்முகவடிவு அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து சொன்னேன். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை. குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தத் தகப்பனார் உங்ககிட்ட வந்து கேட்டிருப்பாரே. என்ன சொன்னீங்க?"

இவளை மின்வாரியத்தில் விஜிலென்சுக்குப் போட்டிருக்கலாம்.

ஞாபகமில்லை என்று டிசம்பரில் எழுதியிருக்கிறேன். பொய். நன்றாக ஞாபகம் இருக்கிறது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் அவர் வந்தார். வெள்ளை வேட்டி, பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீதான் அவன் ரூம்ல இருந்தியா? ஞாயித்துக்கிழமை காலைல அவன் கோயிலுக்குப் போவாம ஆத்துக்கா போனான்?" ஐந்தடி தள்ளி வார்டன் நின்றார். அவரிடம் ஏற்கெனவே ஞாயிற்றுக்கிழமை காலையில் துண்டை எடுத்துக்கொண்டு போனான் என்று சொல்லியிருந்தேன். "ஆமா" என்றேன். பிடித்திருந்த கையை அவர் மெதுவாக விட்டார்.

"ஆமான்னு சொன்னேன்," என்றேன் சண்முகவடிவிடம்.

அவள் கீரையை ஆய்ந்து முடித்தாள். தண்டை ஒருபுறம், இலையை ஒருபுறம் ஒதுக்கினாள். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"போய்ச் சொல்லிருங்க," என்றாள். "நானும் கூட வாரேன்."

11 ஜனவரி, சனி

வரிசையாக எழுத முயல்கிறேன்.

சலோமி பத்தரைக்கு வந்தாள். வெளிர்நீலப் பருத்திச் சேலை, கையில் ஒரு பை. சிரித்தபோது முன்பல்லில் அதே இடைவெளி. எல்லோரையும் அண்ணாச்சி, அண்ணாச்சி என்று விசாரித்தாள். மலரைக் கொடுத்தார்கள். அவன் பக்கத்தில் 20.1.1980 என்று அச்சாகியிருந்தது. ராமசுப்பு நிரப்பியிருக்கிறான். அவள் அந்த எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவிடுவதாக இருந்தேன். தைரியம் வரவில்லை. சாப்பிட்டபின் சொல்லலாம் என்றிருந்தேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "விசாரிச்சியளா, அண்ணாச்சி?" என்றாள். "பொறும்மா," என்றேன். அதற்குள் ராமசுப்பு மைக்கைப் பிடித்துவிட்டான்.

பதினொரு பேரும் நானும் சுவரோரமாக வரிசையில் நின்றோம். சிலருக்குக் கைத்தடி. சலோமி முன்வரிசை நாற்காலியில், சண்முகவடிவு பக்கத்தில். ராமசுப்பு வாசிக்க ஆரம்பித்தான். "யெஸ் சார்." "யெஸ் சார்." சிவகுருநாதன் பெயருக்கு அவன் அறைக்காரன் சொல்ல முடியாமல் இருமினான். பிறகு சொன்னான்.

"ஞானதிரவியம்."

நான் சொல்லவில்லை.

"ஞானதிரவியம்," என்றான் மறுபடியும். காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

"அவன் வரல," என்றேன். "வெள்ளிக்கிழமை சாயங்காலமே அவன் வரல. நான்தான் சொன்னேன். சனிக்கிழமையும் நான்தான்."

வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். யாராவது ஒருவன், என்னலே உளறுதே என்பான் என்று எதிர்பார்த்தேன். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எந்த வெள்ளிக்கிழமை என்று ஒருவனும் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபது பேர் தோளோடு தோள் நின்ற வராந்தா அது. காது மந்தம் வார்டனுக்கு மட்டும்தான். 1994இல் இவர்கள் எதற்காக அழுதார்கள் என்பது எனக்கு இன்றைக்குத்தான் விளங்கியது.

கேட்டது சலோமிதான். "எந்த வெள்ளிக்கிழமை, அண்ணாச்சி?"

சொன்னேன். துண்டு, செருப்பு, டிக், எல்லாம். அவள் அப்பாவிடம் பேசிய பையன் நான்தான் என்பதையும் சொன்னேன். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். உட்காரவில்லை.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. மலரை மூடி மடியில் வைத்தாள்.

"அம்மா சரியாத்தான் சொல்லியிருக்காவ," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "போன வருசம் இதே நேரம் அம்மா உயிரோட இருந்தாவ, அண்ணாச்சி. முப்பது வருசமா எங்கண்ணனுக்காக இங்க வந்து பதில் சொல்லியிருக்கிய. எங்கம்மாவுக்கு ஒரு பதில் சொல்லலியே."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சண்முகவடிவு பின்னாலேயே போய் ஆட்டோ பிடித்துக் கொடுத்தாள். மீதிப் பெயர்களை ராமசுப்பு வாசிக்கவில்லை.

12 ஜனவரி, ஞாயிறு

படுத்தே கிடந்தேன்.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். சண்முகவடிவு வாசலில் கோலம் போட்டு, குக்கரில் பொங்கல் வைத்தாள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாகக் காலை வணக்கப் படம்கூட வரவில்லை. இதற்கு முன்னால் அந்தப் பூப்படங்களைப் பார்த்து எவ்வளவு எரிச்சல் பட்டிருக்கிறேன்!

தனியாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவன்: "எனக்கும் தெரியும்லே. நான் உனக்கு வலது பக்கம் நின்னேன்." இன்னொருவன் மதுரைக்காரன்: "இப்ப நிம்மதியா உனக்கு?" என்று மட்டும். இரண்டுக்கும் பதில் போடவில்லை. நிம்மதியெல்லாம் ஒன்றும் இல்லை.

15 ஜனவரி, புதன்

சலோமி கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை.

"என்கிட்ட சொன்னது போதாது," என்றாள். "எங்கப்பாவ எங்க வச்சு அவமானப்படுத்தினாவளோ அங்க வந்து சொல்லணும். இப்ப இருக்க ஐயர்ட்ட பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை ஆராதனைல நேரம் தாரேன்னு சொல்லியிருக்காவ. வருவியளா?"

"வாரேம்மா."

"ஆம்பளைங்க அழுது காட்டுறதெல்லாம் வேண்டாம். நடந்ததச் சொன்னாப் போதும்."

ராமசுப்புவிடம் சொன்னேன். கூட வருகிறாயா என்று கேட்டேன். முட்டிவலி என்றான். போனை வைத்துவிட்டேன். அரைமணி நேரம் கழித்து அவனே கூப்பிட்டு, "எத்தனை மணிக்குலே கார்?" என்றான்.

19 ஜனவரி, ஞாயிறு

அவர்கள் ஊர் சாத்தான்குளத்துக்குத் தெற்கே. எங்கே பார்த்தாலும் பனையும் செம்மண்ணும். கோயில் சின்னது, சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று இருந்தது. அறுபது எழுபது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் அப்போது பிறந்தே இருக்க மாட்டார்கள். நெற்றியில் விபூதியை அழித்துவிடலாமா என்று காரில் வைத்துக் கேட்டதற்கு, "இருக்கட்டும், யாருன்னு தெரியட்டும்," என்றாள் சண்முகவடிவு. மூன்று பேரும் ஓரமாக உட்கார்ந்தோம். சலோமி முன்னால் உட்கார்ந்திருந்தாள். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐயருக்கு முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். அறிவிப்புகள் வாசித்தார். ஒரு கல்யாணம், பெண்கள் சங்கக் கூட்டம், தண்ணீர்க்குழாய் வேலை. அப்புறம், "காலஞ்சென்ற உபதேசியார் அவர்கள் குடும்பத்தைப் பற்றி ஒருவர் சாட்சி சொல்ல வந்திருக்கிறார்," என்றார். அவர் சொன்ன அந்தச் சாட்சி என்ற வார்த்தைக்கு நான் கொஞ்சமும் லாயக்கில்லை.

எழுந்து முன்னால் போனேன். மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கடைசி வரிசையிலிருந்து ஒரு கிழவர் எழுந்து நின்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "பின்னால ஒண்ணும் கேக்கல. சத்தமாச் சொல்லும்யா."

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். ஞானதிரவியம் ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குப் போகவில்லை. அவன் போனது வெள்ளிக்கிழமை சாயங்காலம். விடுதியில் அவன் இருப்பதாக இரண்டு நாள் பொய் சொன்னது நான். ஞாயிறு காலையில் போனான் என்று போலீசிடம், வார்டனிடம், உபதேசியார் என் கையைப் பிடித்துக் கேட்டபோது அவரிடம், எல்லாரிடமும் பொய் சொன்னதும் நான். இருந்த வரைக்கும் அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைக்கூடத் தவறவிட்டதில்லை.

ராமசுப்பு தானாகவே எழுந்தான். "பதிவேட்டுல டிக் போட்டது நான்," என்றான். அவனும் சத்தமாகத்தான் சொன்னான்.

கிழவர் இன்னும் உட்காரவில்லை. "அப்போ உபதேசியாரு மேலயும் பிள்ள மேலயும் ஒரு குத்தமும் கிடையாது."

"கிடையாது," என்றேன்.

"அதையும் சத்தமாச் சொல்லும். அன்னைக்கு அந்தப் பிரசங்கத்தக் கேட்டுட்டு வாயத் திறக்காம நின்னவங்கள்ல நானும் ஒருத்தன்."

சொன்னேன். அவர் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். முன்னால் ஒரு பெண் அழுதாள். ஐயர் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். யாரும் பேசாமல் கொஞ்ச நேரம் நின்றோம். சலோமி மட்டும் உட்கார்ந்தபடியே முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. பக்கத்தில் போகலாமா என்று தோன்றியது. போகவில்லை. அந்த உரிமை எனக்கு இல்லை.

ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அம்மா, அப்பா, அவன், மூவரும் பக்கத்துப் பக்கத்தில். கல்லில் இருபது என்று இருந்தது. "மாத்தணும். கொத்தனார வரச் சொல்லியிருக்கேன்," என்றாள் சலோமி. "பதினெட்டுன்னு வெட்டலாமா?"

ஆமா என்று சொல்ல வாய் வந்தது. "தெரியாதும்மா," என்றேன். "பதினெட்டாம் தேதி அஞ்சு மணிக்குப் போனான். அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்." அவள் தலையை ஆட்டினாள். அன்றைக்கு முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

காருக்குத் திரும்பினோம். பின்னாலேயே வந்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல எனக்கு இன்னும் வாய் வரல, அண்ணாச்சி. வராமலே போனாலும் போவலாம். சோறு ஆக்கியிருக்கேன். சாப்பிட்டுட்டுப் போங்க."

சாப்பிட்டோம்.